அளவையும் நிறுவையும்: மதீனத்துச் சந்தை முதல் கம்பம் பள்ளத்தாக்கு வரை



கம்பம் நகரில் ஒரு மளிகைக் கடையின் முன் சில மாதங்களுக்கு முன்பு நின்றிருந்தேன். ஏலத்தோட்ட வேலை முடிந்து ஜீப்பிலிருந்து இறங்கி வந்த மூதாட்டி ஒருவர், பேரனுக்காக ஐந்து ரூபாய் பிஸ்கட் பொட்டலம் ஒன்றை வாங்கினார். வாங்கியவர் உடனே போய்விடவில்லை. உள்ளங்கையில் வைத்து இருமுறை தூக்கிப் பார்த்தார். "என்ன பாய், காத்தையும் சேத்துக் கட்டி விக்கிறீகளா?" என்று கேட்டார். "நானா கட்டுறேன், ஆத்தா? கம்பெனில இருந்து வந்தது வந்தபடி" என்றார் கடைக்காரர்.

இருவர் சொன்னதும் உண்மையே. பொட்டலத்தின் விலை பல ஆண்டுகளாக மாறவில்லை. பொட்டலத்தின் மீது அச்சிடப்பட்ட நிகர எடையிலும் பொய் இல்லை. கடைக்காரரின் தராசிலும் பழுதில்லை. ஆயினும் அந்த மூதாட்டியின் கை ஒரு குறையை உணர்ந்தது. யாரும் பொய் சொல்லாத இடத்தில் இந்தக் குறை எங்கிருந்து வந்தது? இதற்கு மார்க்கம் வைத்த பெயர் என்ன? சட்டம் வைத்த பெயர் என்ன? இக்கேள்விகளுக்கு விடை தேட நாம் வரலாற்றில் சற்று நெடுந்தூரம் பின்னோக்கிச் செல்ல வேண்டியுள்ளது.

சொற்பத்தைத் திருடுவோர்

அல்குர்ஆனின் 83ஆம் அத்தியாயத்தின் பெயர் 'அல்முதஃப்பிஃபீன்'. அளவையில் குறை செய்வோர் என்று நாம் பொருள் கொள்கிறோம். இச்சொல்லின் வேரை ஆராய்ந்த விரிவுரையாளர்கள் ஒரு நுட்பத்தைச் சுட்டிக்காட்டுகின்றனர். 'தஃபீஃப்' என்றால் அற்பமானது, சொற்பமானது என்று பொருள். தராசுத் தட்டில் கை வைப்பவன் மூட்டையோடு தூக்கிச் செல்வதில்லை. ஒரு சிட்டிகை, ஒரு பிடி என்றே எடுக்கிறான். வாங்குபவர் சண்டைக்கு வராத அளவுக்கே எடுக்கிறான். கொள்ளையடிப்போர் பெயரால் ஓர் அத்தியாயம் அழைக்கப்படவில்லை. இந்தச் சிட்டிகைத் திருடர்கள் பெயரால் அழைக்கப்படுகிறது என்பதை எண்ணிப் பாருங்கள்! நபி (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு வந்த வேளையில் அவ்வூர் மக்கள் அளவை விஷயத்தில் மிக மோசமானவர்களாக இருந்ததாகவும், இவ்வசனங்கள் அருளப்பெற்ற பின்னர் திருந்திக் கொண்டதாகவும் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் வழியாக ஒரு செய்தி உள்ளது. அதற்கும் நெடுங்காலம் முன்பு மத்யன் நகர மக்களிடம் ஷுஐப் (அலை) அவர்கள் வாதாடியதும் இதே குற்றத்தைப் பற்றித்தான்.

ஆனால் கம்பத்து மூதாட்டியின் பொட்டலத்தில் தராசு பொய் சொல்லவில்லையே! ஆகவே இதைத் 'தஃபீஃப்' என்ற ஒரே சொல்லுக்குள் அடக்கிவிட முடியாது என்று தோன்றுகிறது. இதற்கு நெருங்கிய நிகழ்ச்சி ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. மதீனத்துச் சந்தையில் ஒரு தானியக் குவியலைக் கடந்து சென்ற நபி (ஸல்) அவர்கள் அதற்குள் கையை விட்டார்கள். விரல்களில் ஈரம் பட்டது. காரணம் கேட்டபோது, மழையில் நனைந்துவிட்டது என்றார் வணிகர். நனைந்த தானியத்தை விற்கக் கூடாது என்று பெருமானார் கூறவில்லை. மக்கள் காணும்படி அதை மேலே வைத்திருக்கலாமே என்றுதான் கேட்டார்கள். இந்த வேறுபாட்டை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். அந்த வணிகர் ஒரு சொல்லும் பொய் பேசவில்லை. குவியலின் அளவும் குறையவில்லை. குறை அடியில் இருந்தது, அழகு மேலே இருந்தது. அவ்வளவுதான். மோசடி என்று கண்டிக்கப்பட்டது அதுவே.

மற்றொரு செய்தி நம் பகுதி ஆட்டுச் சந்தைக்குப் போய் வந்தவர்களுக்கு எளிதில் விளங்கும். விற்பதற்கு முன் இரண்டு மூன்று நாள் பால் கறக்காமல் விட்டு, மடியைப் பெருக்கச் செய்து, 'பார், எவ்வளவு பால் தருகிறது!' என்று காட்டுவது அரபு நாட்டிலும் இருந்த வழக்கம். இதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். ஏமாந்து வாங்கியவர் அதைத் திருப்பித் தரலாம், கறந்த பாலுக்கு ஈடாக ஒரு ஸாவு பேரீச்சம்பழம் கொடுக்க வேண்டும் என்பதும் ஹதீஸில் வந்துள்ளது. அந்த ஈடு எவ்வாறு கணக்கிடப்பட வேண்டும் என்பதில் நம் மத்ஹபினருக்கும் பிறருக்கும் கருத்து வேறுபாடு உண்டு; அது இக்கட்டுரைக்கு அவசியமில்லை. வீங்கிய மடி ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. ஆயினும் அது பொய் சொல்லுகிறது! காற்று நிரப்பி உப்ப வைத்த உருளைக்கிழங்கு வறுவல் பொட்டலத்தை இன்று காணும்போதெல்லாம் எனக்கு அந்த மடியே நினைவுக்கு வருகிறது. நொறுங்காமல் இருக்கக் கொஞ்சம் காற்று தேவை என்பதை மறுக்கவில்லை. எவ்வளவு காற்று என்பதே கேள்வி.

இவற்றோடு, கூலிக்கு எடை போட்டுக் கொண்டிருந்த ஒருவரிடம், நிறுக்கும்போது வாங்குபவர் பக்கம் தட்டு சற்றுத் தாழும்படி நிறுக்குமாறு பெருமானார் (ஸல்) அவர்கள் கூறியதும் பதிவாகியுள்ளது. நம் கிராமத்துக் கடைகளில் 'கொசுறு' என்றொரு வழக்கம் இருந்ததே, அதன் சாயலை இங்கே காணலாம். கறிவேப்பிலைக் கொத்தும், ஒரு பிடி பொரிகடலையும் கணக்கில் சேராமல் பைக்குள் விழுந்த காலம் அது. இயந்திரம் ஒட்டிய பொட்டலத்தில் கொசுறுக்கு இடம் ஏது?

ஐம்பது பேர் கொண்டு வந்த மரக்கால்

அளவையில் நேர்மை வேண்டுமானால் முதலில் அளவுகோல் ஒன்றாக இருக்க வேண்டும். இதற்கு அழகான சான்று இமாம் அபூயூசுஃப் (ரஹ்) அவர்களின் வாழ்வில் உள்ளது. ஹிஜ்ரி 182இல் (கி.பி. 798) மறைந்த இப்பெருந்தகை இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் தலைமாணவர், அப்பாஸியப் பேரரசின் தலைமை காஸி. ஒரு ஸாவு என்பது எட்டு ராத்தல் என்பது இராக் அறிஞர்களின் கணக்கு. மதீனா வந்த அபூயூசுஃப் (ரஹ்) அவர்கள் அங்குள்ளோரிடம் இதைப் பற்றி விசாரித்தார்கள். மறுநாள் முஹாஜிர்கள், அன்ஸாரிகளின் வழித்தோன்றல்களான முதியவர்கள் ஐம்பது பேரளவில் வந்தார்கள். ஒவ்வொருவரும் மேலாடைக்குள் ஒரு ஸாவு மரக்காலைக் கொண்டு வந்திருந்தார்கள். என் தந்தை வழியாக எனக்கு வந்தது, அவருக்கு அவருடைய தந்தை வழியாக வந்தது என்று ஒவ்வொருவரும் சொன்னார்கள். அளந்து பார்த்தபோது எல்லாம் ஒத்திருந்தன. ஐந்தே கால் ராத்தலுக்குச் சற்றுக் கூடுதல், அதாவது ஐந்தும் மூன்றில் ஒரு பங்கும். தம் ஆசிரியரின் கருத்தை அவ்விடத்திலேயே விட்டு மதீனத்தாரின் அளவை ஏற்றுக்கொண்டார்கள் இமாமவர்கள்.

ரமலானில் ஃபித்ரா அளவு பற்றி வெளியாகும் பிரசுரங்களில் கிலோ கணக்கு ஒன்றுக்கொன்று சற்று வேறுபடுவதைக் காண்கிறீர்கள் அல்லவா? இந்தப் பழைய வேறுபாடும் அதற்கு ஒரு காரணம். வீட்டுக்கு வீடு ஒரு மரக்காலைப் பரம்பரைச் சொத்தாகப் பாதுகாத்த சமுதாயம் அது என்பதே நான் இங்கு சொல்ல விரும்புவது.

கண்ணாடியில் ஒட்டிய முதல் 'லேபிள்'

பொருளின் பெயர், அளவு, பொறுப்பாளர் பெயர் ஆகிய மூன்றையும் கொள்கலத்தின் மீதே பொறிப்பது மேலைநாட்டாரின் புதுக் கண்டுபிடிப்பு என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலும் வேறு பல அருங்காட்சியகங்களிலும் சின்னஞ்சிறு பச்சைநிறக் கண்ணாடித் துண்டுகள் வரிசையாக வைக்கப்பட்டுள்ளன. உமையாக்கள் காலத்தில், கி.பி. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் எகிப்தில் செய்யப்பட்டவை அவை. சில, நாணயங்களின் எடையைச் சரிபார்க்கும் எடைக்கற்கள். வேறு சில, சந்தையில் பயன்பட்ட கண்ணாடி அளவைக் கிண்ணங்களின் மீது சூடாக ஒட்டிய முத்திரைகள். கிண்ணம் எந்தப் பொருளுக்குரியது, எவ்வளவு கொள்ளும், எந்த அதிகாரியின் ஆணைப்படி செய்யப்பட்டது என்பன அவற்றில் கூஃபி எழுத்தில் உள்ளன. பருப்புக்கு ஒரு கிண்ணம், கொண்டைக்கடலைக்கு ஒன்று, சீரகத்துக்கு ஒன்று, மருதாணிக்கு ஒன்று, ஆலிவ் எண்ணெய்க்கு ஒன்று! நிதி அதிகாரிகளான உஸாமா பின் ஸைத், உபைதுல்லாஹ் பின் அல்ஹப்ஹாப் ஆகியோரின் பெயர்கள் அவற்றில் காணப்படுகின்றன. (இந்த உஸாமா, நபித்தோழர் உஸாமா (ரலி) அல்லர், அப்பெயர் கொண்ட பிற்காலத்து அதிகாரி.) நிறைவாக அளக்குமாறு அல்லாஹ் ஆணையிட்டுள்ளான் என்ற கருத்தும் பல முத்திரைகளில் பொறிக்கப்பட்டுள்ளது. கண்ணாடியை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் தெரியுமா? உலோகத்தைச் சுரண்டினால் எளிதில் தெரியாது. கண்ணாடியைச் சுரண்டவும் முடியாது. உடைத்தால் மறைக்கவும் முடியாது.

சந்தையைக் கண்காணிக்கும் பொறுப்பு அதற்கும் முன்பே தொடங்கிவிட்டது. எழுதப் படிக்கத் தெரிந்த பெண்மணியான அஷ்ஷிஃபா பின்த் அப்துல்லாஹ் (ரலி) அவர்களிடம் கலீஃபா உமர் (ரலி) அவர்கள் சந்தைப் பொறுப்பு சிலவற்றை ஒப்படைத்ததாக வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர். பின்னர் 'முஹ்தஸிப்' என்ற பதவி நிலைபெற்றது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சிரியாவில் வாழ்ந்த அஷ்ஷைஸரீ, முஹ்தஸிபுகளுக்கென்றே ஒரு கையேடு எழுதினார். எடைக்கற்கள் இரும்பாலானவையாக இருக்க வேண்டும். வேறு வழியின்றிக் கல்லைப் பயன்படுத்தினால் அதற்குத் தோலுறை தைத்து முத்திரையிட வேண்டும், இல்லையேல் தேய்ந்து எடை குறையும் என்று எழுதுகிறார். முன்னறிவிப்பின்றிச் சென்று சோதிக்க வேண்டும் என்றும் கூறுகிறார். ரொட்டி சுடுபவர் முதல் மருந்து விற்பவர் வரை ஒவ்வொரு தொழிலாருக்கும் தனித்தனி அத்தியாயம்! அந்தந்தத் தொழிலில் என்னென்ன தந்திரம் நடக்கும் என்பதை அந்தத் தொழிலாரைவிட அவர் நன்கறிந்திருந்தார் என்றே தோன்றுகிறது.

டில்லிச் சந்தையில் புறாக் கூண்டுச் சிறுவர்கள்

விலையைக் கூட்ட முடியாதபோது வணிகர் எடையைக் குறைப்பார். இன்றைய ஐந்து ரூபாய் பொட்டலத்தின் இரகசியம் இதுவே. இந்த விதியை நம் நாட்டு வரலாற்றில் மிகத் தெளிவாகக் காட்டுவது அலாவுத்தீன் கல்ஜியின் ஆட்சி (1296-1316). இவருடைய தளபதி மாலிக் கஃபூர்தான் 1311இல் மதுரை வரை படையெடுத்து வந்தவர்.

பெரும்படையைக் குறைந்த சம்பளத்தில் வைத்திருக்க விரும்பிய சுல்தான், டில்லியில் தானியம், துணி, சர்க்கரை, எண்ணெய் என எல்லாவற்றுக்கும் விலை நிர்ணயித்தார். விலை நின்றது. ஆனால் வரலாற்றாசிரியர் ஸியாவுத்தீன் பரனீ எழுதுவதைப் பாருங்கள்: கடைக்காரர்கள் நிர்ணயித்த விலைக்கே விற்றார்கள், எடையைக் குறைத்தார்கள். விவரம் அறியாதவர்களிடமும் சிறுவர்களிடமும் அதிகமாகக் குறைத்தார்கள். சந்தை அதிகாரி யஃகூப் நாஸிர் கடுமையானவர். குறைந்த எடைக்கு ஈடாகக் கடைக்காரரின் உடலிலிருந்தே சதையை அறுத்ததாகப் பரனீ கூறுகிறார். சுல்தானும் சும்மா இருக்கவில்லை. அரண்மனையில் புறாக்களைக் கவனித்துக் கொண்டிருந்த சிறுவர்களிடம் காசு கொடுத்து, ரொட்டியும் இனிப்பும் வாங்கி வரச் சொல்லி, வாங்கி வந்ததை எடை போட்டுப் பார்ப்பாராம்.

சுல்தானின் உத்தியைப் பலர் வியந்து பேசுகின்றனர். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. சதையை அறுப்பது மார்க்கம் வகுத்த தண்டனையன்று. அச்சத்தால் நிமிர்ந்த தராசு அச்சம் நீங்கியதும் சாய்ந்தது. அலாவுத்தீன் மறைந்ததும் அவருடைய மகன் காலத்தில் அந்த ஏற்பாடு முழுவதும் குலைந்தது. ஆனால் சிறுவர்களை அனுப்பிப் பார்த்த அந்த ஒன்று மட்டும் சரியான இடத்தைத் தொட்டது. குறைந்த எடை முதலில் யார் கையில் போய்ச் சேரும் என்பது அந்த சுல்தானுக்குத் தெரிந்திருந்தது.

ஏறத்தாழ இதே காலத்தில் இங்கிலாந்தில் வேறொரு வழி கண்டார்கள். 1266ஆம் ஆண்டளவில் ஏற்பட்ட ரொட்டிச் சட்டம், ரொட்டியின் விலையை நிலையாக வைத்து, கோதுமை விலைக்கேற்ப ரொட்டியின் எடையைக் கூட்டவும் குறைக்கவும் அனுமதித்தது. சட்டமே எடையைக் குறைக்கச் சொன்னது என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா? ஆனால் இன்ன கோதுமை விலைக்கு இன்ன எடை என்ற அட்டவணை இருந்தது. குறைத்தது கம்பெனியின் விருப்பப்படியன்று. லண்டனில் அச்சட்டம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை நீடித்தது.

படியிலிருந்து பொட்டலம் வரை

நம் தமிழ் மண்ணுக்கும் இதில் நீண்ட மரபு உண்டு. காவிரிப்பூம்பட்டினத்து வணிகர்களின் நேர்மையைப் பட்டினப்பாலை போற்றுகிறது. தஞ்சைப் பெரிய கோவில் கல்வெட்டுகள் 'ஆடவல்லான்' என்னும் மரக்காலைக் குறிப்பிட்டு, அது 'ராஜகேசரி' மரக்காலுக்குச் சமம் என்றும் சொல்கின்றன. எந்த மரக்காலால் அளந்தது என்று எழுதாமல் நெல்லின் கணக்கு எழுதப்படவில்லை.

ஆங்கிலேயர் காலத்தில் எட்டுப் பலம் ஒரு சேர், ஐந்து சேர் ஒரு வீசை, எட்டு வீசை ஒரு மணங்கு, இருபது மணங்கு ஒரு பாரம் என்பது சென்னை மாகாணக் கணக்கு. ஆயினும் படியின் கொள்ளளவு ஊருக்கு ஊர் வேறாக இருந்தது. வாங்குவதற்குப் பெரிய படியும் விற்பதற்குச் சிறிய படியும் வைத்திருந்த வியாபாரிகளின் கதைகளை நம் பாட்டன்மார் சொல்லக் கேட்டிருக்கிறோம். 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1958 அக்டோபர் முதல் கிலோவும் கிராமும் படிப்படியாக வந்தன. படியும் உழக்கும் அளவுகளாக இருந்தது போய்ப் பாத்திரங்களாக மாறின.

பிறகுதான் பொட்டலத்தின் காலம் வந்தது. தேங்காய் நாரால் கட்டிய காகிதப் பொட்டலத்தைக் கடைக்காரர் நம் கண் முன்னே நிறுத்துக் கட்டினார். கம்பெனிப் பொட்டலத்தையோ நாம் காணாத இடத்தில், காணாத இயந்திரம் கட்டுகிறது. தராசு கடையிலிருந்து தொழிற்சாலைக்குப் போய்விட்டது! எனவே 1976இல் புதிய எடையளவுச் சட்டமும், 1977இல் பொட்டலப் பொருள் விதிகளும் வந்தன. நிகர எடை, தயாரிப்பாளர் முகவரி, விலை ஆகியவற்றை அச்சிடுவது கட்டாயமாயிற்று. எல்லா வரியும் உட்பட்ட அதிகபட்ச சில்லறை விலை என்னும் முறை 1990இல் வந்தது.

அவ்விதிகளில் ஒரு நல்ல ஏற்பாடு இருந்தது. ரொட்டி, பிஸ்கட், தேயிலை, காப்பித்தூள், சமையல் எண்ணெய், உப்பு, சோப்பு முதலிய அன்றாடப் பொருள்களை இன்னின்ன எடைகளில்தான் பொட்டலமிட வேண்டும் என்று ஒரு பட்டியல் இருந்தது. அதில் அடங்காத எடையில் கட்டினால், இது தர அளவில் அடங்காத பொட்டலம் என்று பொட்டலத்தின் மீதே அச்சிட வேண்டும் என்ற ஏற்பாடும் ஒரு காலத்தில் இருந்தது. ஈரத்தை மேலே வை என்பதற்கு இதைவிட நெருங்கிய சட்டம் ஒன்று எனக்குத் தெரியவில்லை. சிறு பொட்டலங்களுக்கு விதிவிலக்குகளும் இருந்தன; அந்த ஓட்டைகளின் வழியே எடை கசிந்தது என்பதும் உண்மை.

2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டமும் 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளும் 2011 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தபோதும் எடைப் பட்டியல் தொடர்ந்தது. 2021 நவம்பரில் மத்திய அரசு அப்பட்டியலையே நீக்குவதாக அறிவித்தது. முதலில் 2022 ஏப்ரல் என்றார்கள். தள்ளி வைத்துப் பின்னர் நடைமுறைப்படுத்தினார்கள். இப்போது கம்பெனி விரும்பிய எடையில் பொட்டலமிடலாம். அதற்கு ஈடாக அலகு விலை வந்தது. ஒரு கிலோவுக்குக் குறைந்த பொட்டலத்தில் ஒரு கிராமின் விலையையும், கூடிய பொட்டலத்தில் ஒரு கிலோவின் விலையையும் அச்சிட வேண்டும். கணக்குத் தெரிந்தவருக்கு இது பெரிய உதவிதான். ஆனால் ஒரு கிராம் இத்தனை பைசா என்று எழுதினால் நம் மூதாட்டி அதைக் கொண்டு என்ன செய்வார்? சென்ற ஆண்டு எத்தனை கிராம் இருந்தது என்பதை அந்த எழுத்து சொல்வதில்லையே!

2022இல் சமையல் எண்ணெய், கோதுமை விலைகள் ஏறியபோது, பத்து ரூபாய் விலை மாறாமல் பாத்திரம் துலக்கும் ஒரு பிரபல சோப்புக் கட்டி 155 கிராமிலிருந்து 135 கிராமாகக் குறைந்தது என்பன போன்ற செய்திகள் வெளியாயின. சோப்புக் கட்டியை இரண்டு தலைமுறையாகப் பார்த்து வரும் குடும்பத் தலைவிகளுக்கு அது செய்தியே அன்று. நேர்மையாகச் சொல்வதானால், எதிர்த்திசையிலும் ஒரு நிகழ்ச்சி உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் பிஸ்கட் முதலியவற்றின் ஜி.எஸ்.டி. 18 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்தபோது, சில கம்பெனிகள் ஐந்து ரூபாய், பத்து ரூபாய் பொட்டலங்களில் விலையைக் குறைக்காமல் எடையைக் கூட்டுவதாக அறிவித்தன. எடை கூடும்போது பொட்டலத்தின் நெற்றியில் 'கூடுதல்' என்று கொட்டை எழுத்தில் வருகிறது. குறையும்போது அந்த நெற்றி ஊமையாகிவிடுகிறது.

சட்டத்துக்கேற்பப் பொட்டலம் பெருத்த கதையும் நம் ஊரில் உண்டு. 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரையிலான, பெயரிட்டுப் பொட்டலமிட்ட அரிசிக்கு 5 விழுக்காடு வரி வந்தது. தமிழகத்து ஆலைகளில் 26 கிலோ மூட்டை பிறந்துவிட்டது! பெரியாற்றுத் தண்ணீரில் இருபோகம் விளையும் 14,707 ஏக்கர் வயல்களைக் கொண்ட கம்பம் பள்ளத்தாக்கில், அரிசி வாங்குவோர் இந்தக் கூடுதல் ஒரு கிலோவின் காரணத்தை நன்கறிவார்கள்.

ஏலக்காயின் நேர்மை

நம் பள்ளத்தாக்கின் சிறப்புப் பொருளான ஏலக்காயைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி ஆகிய மூன்று மலைப்பாதைகளின் வழியே நம் மக்கள் அன்றாடம் ஏறி இறங்குகிறார்கள். ஏறத்தாழ ஐந்து கிலோ பச்சைக் காய் உலர்ந்து ஒரு கிலோவாகும். போடிநாயக்கனூர் மண்டிகளில் பெண்கள் காய் பொறுக்குகிறார்கள். சல்லடைகளில் மில்லிமீட்டர் கணக்கில் தரம் பிரிகிறது.

இவ்வணிகத்தில் ஒரு நுட்பமான அளவு உண்டு: 'லிட்டர் எடை'. ஒரு லிட்டர் பாத்திரத்தில் காயை நிரப்பி, அதை நிறுத்துப் பார்ப்பது. பெரிய காயாக இருந்தும் உள்ளே விதை குறைந்து பொக்காக இருந்தால், பாத்திரம் நிறையும், எடை நிறையாது. 1937ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழிவந்த அக்மார்க் தர அளவில், ஆலப்பி பச்சை 'எக்ஸ்ட்ரா போல்டு' என்னும் உயர்ந்த வகைக்குக் காய் 7 மில்லிமீட்டர் இருந்தால் போதாது. லிட்டருக்கு 435 கிராமும் இருக்க வேண்டும். படியும் தராசும் ஒன்றையொன்று சாட்சி சொல்ல வைக்கும் ஏற்பாடு இது. கண்ணுக்குத் தெரியும் பருமனும் கைக்குத் தெரியும் கனமும் ஒத்துப் போக வேண்டும். மூதாட்டி உள்ளங்கையில் பிஸ்கட் பொட்டலத்தைத் தூக்கிப் பார்த்ததும் இதே சோதனைதான். வாழ்நாளெல்லாம் ஏலக்காய் பறித்த கையல்லவா அது!

மூட்டையாக விற்கும்போது இவ்வளவு நுட்பம். பெட்டிக்கடைச் சரத்தில் தொங்கும் சின்னஞ்சிறு பொட்டலமாகும்போது என்ன ஆகிறது? 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் ஒரு கிலோ ஏலக்காய் 7,000 ரூபாயைத் தொட்டது. அந்த விலையில் ஐந்து கிராம் என்பது 35 ரூபாய்ப் பொருள். ஆனால் 10 கிராமும் அதற்குக் குறைவும் உள்ள பொட்டலங்களுக்கு 2011ஆம் ஆண்டு விதிகள் விலக்களித்தன. விலை மலிந்த பொருளின் சிறு பொட்டலத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்ட விலக்கு, குங்குமப்பூவுக்கும் ஏலக்காய்க்கும் அதே வாசலைத் திறந்துவிட்டது. நம் பகுதியில் ஏலக்காயைச் சிறு பொட்டலங்களாகக் கட்டி விற்கும் சகோதரர்கள் இருக்கிறார்கள். சட்டம் கேட்காவிட்டாலும் அவர்கள் எடையை அச்சிடுவதில் தடையேதும் இல்லை.

பதினாறாவது பிஸ்கட்

சட்டம் பேசும் எடைக்கும் வாங்குபவர் நம்பும் எடைக்கும் உள்ள இடைவெளி, அண்மையில் நம் மாநிலத்திலேயே வழக்காக வந்தது. 2021 டிசம்பரில் சென்னை மணலியில் நுகர்வோர் ஒருவர் ஐ.டி.சி. நிறுவனத்தின் 'சன்ஃபீஸ்ட் மாரி லைட்' பொட்டலம் வாங்கினார். உறையில் 16 பிஸ்கட் என்றிருந்தது. உள்ளே 15 இருந்தன. நாம் என்றால் என்ன செய்திருப்போம்? சிரித்துவிட்டுத் தேநீரில் தோய்த்திருப்போம். அவரோ திருவள்ளூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனார்.

பிஸ்கட் எண்ணிக்கையால் விற்கப்படுவதில்லை, எடையால் விற்கப்படுகிறது என்றது நிறுவனம். உறையில் எடை 76 கிராம்; ஆணையம் நிறுத்துப் பார்த்தபோது 74 கிராம். இந்த அளவுப் பொட்டலத்தில் 4.5 கிராம் வரை பிழை இருக்க 2011 விதிகள் இடமளிப்பதாகவும் நிறுவனம் வாதிட்டது. ஆவியாகிக் குறையும் தன்மையுள்ள பொருளுக்கே அந்தச் சலுகை பொருந்தும். பிஸ்கட் அப்படிக் குறைவதில்லை என்றது ஆணையம். வாங்குபவர் உறையைப் பார்த்தே முடிவு செய்கிறார், எண்ணிக்கையை எழுதிய பின் எடையின் பின்னால் ஒளிய முடியாது என்பது அதன் நிலை. ஒரு இலட்சம் ரூபாய் இழப்பீடும், வழக்குச் செலவாக 10,000 ரூபாயும் தருமாறு 2023 ஆகஸ்டில் உத்தரவிட்டது. ஒரு பிஸ்கட்டின் மதிப்பு 75 பைசா என்பது புகார் கொடுத்தவரின் கணக்கு. சொற்பம்தான்! 'தஃபீஃப்' என்ற சொல்லின் வேரை மீண்டும் நினைவு கூருங்கள்.

இந்த வழக்கில் உறை சொன்னது ஒன்று, உள்ளே இருந்தது வேறு. கம்பத்துப் பொட்டலத்தில் அப்படி இல்லை. உறை உண்மையே பேசுகிறது. சிறிய எழுத்தில், பின்பக்கத்தில் பேசுகிறது. பழைய வண்ணம், பழைய அகலம், பழைய விலை ஆகியவை முன்பக்கத்தில் நின்று, 'நான் அதே பொட்டலம்தான்' என்கின்றன. அச்செழுத்தின் குறைந்தபட்ச உயரத்தை 2018 ஜனவரி முதல் நம் அரசு கூட்டியது, அது நல்லதே. பிரான்சில் 2024 ஜூலை முதல், எடையைக் குறைத்து விலையைக் குறைக்காத பொருளின் அருகே அதை அறிவிக்கும் பலகையைப் பெரிய கடைகள் வைக்க வேண்டும் என்று விதித்துள்ளனர். தென்கொரியாவிலும் அதே ஆண்டில் இத்தகைய கட்டாயம் வந்தது. நம் நாட்டில் அப்படி ஒரு விதி இன்னும் இல்லை.

விலையேற்றம் குற்றமா என்று வணிகச் சகோதரர்கள் கேட்கலாம். குற்றமன்று. கோதுமையும் எண்ணெயும் ஏறினால் பிஸ்கட்டும் ஏறத்தான் வேண்டும். எடையைக் குறைப்பதும் தன்னளவில் குற்றமன்று. ஐந்து ரூபாய் மட்டுமே கையில் உள்ள ஏழைக்குச் சிறிய பொட்டலம் ஓர் உதவியும்கூட. மழையில் நனைந்ததும் அந்த மதீனத்து வணிகரின் குற்றமாக இருக்கவில்லையே!

அன்றைக்கு அந்தக் கடைக்காரரிடம் தானியக் குவியலின் செய்தியைச் சொன்னேன். "நாமளே எழுதி வச்சா, ஆளுக எதுத்த கடைக்குல்ல போயிரும், ஹஜரத்" என்றார். எதிர்த்த கடையிலும் அதே பொட்டலம்தானே என்றேன். பதில் சொல்லாமல் வெல்லம் நிறுக்கத் திரும்பிவிட்டார். சென்ற மாதம் மீண்டும் அவ்வழியே போனேன். பிஸ்கட் பெட்டிக்கு மேலே ஓர் அட்டைத் துண்டு கட்டித் தொங்கியது. ஐந்து ரூபாய்ப் பொட்டலங்களின் பெயர்கள் வரிசையாக எழுதப்பட்டு, ஒவ்வொன்றின் எதிரிலும் ஒரு பழைய எடை அடிக்கப்பட்டு, பக்கத்தில் புதிய எடை பேனாவால் எழுதப்பட்டிருந்தது. கடைசி வரியில் அடித்த எண்கள் மூன்று இருந்தன.